சேலை ஒன்று, பிள்ளை வேறு

ஆயாவைப் பற்றிச் சொல்லுமுன் என் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முளைத்த முதல் பல். அது முளைத்த கையோடு நான் ஆயாவின் இடது கைப் பெருவிரலைக் கடித்துவிட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் வைத்திருக்கிற வயசா அது! ஆனால் ஆயாவுக்கு ஞாபகம் இருந்தது. நான் நடக்கப் பழகி, ஓடப் பழகி, புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போன காலத்திலும், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பிஸ்கட்டில் எனக்கு மட்டும் உடைந்ததாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பார்.

"கடிச்ச வாய்க்கு இது போதும்" என்பார்.

என் கல்யாணத்துக்கு வந்தார். பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். பிறகு மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பையந்தாம்மா. ஒன் வெரல மட்டும் பத்திரமா வச்சுக்க" என்று சொல்லிவிட்டுத்தான் வெற்றிலையை வாயில் போட்டார். இத்தோடு பழி தீர்ந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆயாவை அவ்வளவு காலம் அறிந்திருந்தும் அப்படி நினைத்தேன் பாருங்கள், என் புத்தி எப்போதும் அப்படித்தான்.

லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே ஆயாதான் புள்ளக்காம்பராவுக்குப் பொறுப்பு. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற நீளமான அறைக்குத்தான் அந்தப் பெயர். கூரை மரத்திலிருந்து வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். ஒவ்வொரு தொட்டிலும் அந்தந்தப் பிள்ளையின் தாய் கட்டிப் பழசான சேலை. தாயின் வாசம் இருந்தால் பிள்ளை தூங்கும் என்பது எல்லோரும் சொல்கிற காரணம். ஆயாவிடம் வேறொரு காரணம் இருந்தது. சேலையைப் பார்த்தால் உள்ளே கிடக்கிற பிள்ளை யாருடையது என்று தெரியும். பச்சைக் கோடு போட்ட சேலைக்குள் பச்சைக் கோட்டுக்காரியின் பிள்ளைதான் கிடக்க வேண்டும். தவழ்ந்துபோய் மாறிப் படுத்த பிள்ளையைத் தூக்கத்திலேயே தூக்கிக் கொண்டுவந்து அதனதன் சேலையில் போடுவார்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டுத் தாய்மார் ஓடி வருவார்கள். ஆயா வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார், தாயின் முகத்தைப் பார்ப்பார், அப்புறந்தான் கை நீளும். அப்பன் வந்தால்கூடக் கொடுக்க மாட்டார். "காலையில ஒம் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலியே. உக்காரு, அவ வரட்டும்" என்பார். பெற்ற அப்பன்மார் வாசல்படியில் வரிசையாகக் குந்திக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"என் கையில புள்ள மாறுனதே இல்ல" என்பது ஆயா அடிக்கடி சொல்கிற வார்த்தை. அதைவிட அடிக்கடி சொல்வது "சரி சாமி." முதல் வார்த்தை பெருமை. இரண்டாவது வார்த்தை ஆபத்து.

ஒரு தரம் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. மற்றப் பிள்ளைகளை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு, மழையில் அதைத் தூக்கிக்கொண்டு ஆயா டிஸ்பென்சரிக்கு ஓடினார். பிள்ளை பிழைத்தது. ஆனால் கணக்கப்பிள்ளை வந்து பார்த்தபோது ஆயா வேலைத்தலத்தில் இல்லை. அரைப்பேர் போட்டுவிட்டார். தோட்டத்தில் அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம்; மீதி அரை நாளுக்கு நீ ஆளே இல்லை. ஆயா சண்டை போடவில்லை. வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "சரி சாமி" என்றார்.

சில காலம் கழித்துக் கணக்கப்பிள்ளையின் சம்சாரத்துக்கு உடம்புக்கு முடியாமல் போய், அவர்களுடைய ஒரே பிள்ளை புள்ளக்காம்பராவுக்கு வந்தது. ஆயா அதை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். அது பேசத் தொடங்குகிற பருவம். ஒருநாள் கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் கால் வைத்ததும், பிள்ளை இரண்டு கையையும் நீட்டிச் சிரித்துக்கொண்டு ஓடிவந்து, "அரப்பேரு!" என்று கூப்பிட்டது. அதுதான் அதன் முதல் வார்த்தை. எவ்வளவு கெஞ்சியும் 'அப்பா' வரவில்லை. அது பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அவர் அரப்பேருதான். பிறகு பிள்ளை திருந்திவிட்டது. தோட்டம் திருந்தவில்லை.

இப்போது போன் கதைக்கு வருகிறேன்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த ஆயாவின் மகள், அங்கிருந்து வந்த ஒருத்தியிடம் ஒரு செல்போன் கொடுத்தனுப்பினாள். பெட்டி உடைக்காத புத்தம் புதுப் போன். ஆயா அந்தப் பெட்டியைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் தோட்டத்தில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. புள்ளக்காம்பரா வராந்தாவின் மூன்றாவது தூணில் முதுகைச் சாய்த்து நின்றால் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மகளிடமிருந்து கோல் வரும். ஆயா தூணில் சாய்ந்து நின்று, குவைத்துக்குக் கேட்க வேண்டுமே என்று கத்துவார். போனே தேவையில்லை என்று நான் ஒருமுறை பகிடி விட்டேன். அதற்கும் சேர்த்து எனக்கு எங்கேயோ குறித்து வைத்திருப்பார்.

ஒருநாள் போனில் சார்ஜ் ஏறவில்லை. நான் அப்போது பதுளை பஸ் ஸ்டாண்டில் லொத்தர் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தேன். மைக்கைப் பிடித்து, "நாளைக்கு நீங்கதான் லட்சாதிபதி!" என்று நாள் முழுக்க ஊரைக் கூவி அழைப்பேன். சாயங்காலம் பஸ்ஸுக்குச் சில்லறை தேடுவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருத்தன் போன் ரிப்பேர் கடை போட்டிருந்தான். தலைமுடியில் எண்ணெய், கழுத்தில் சங்கிலி, வாயில் தேன். அவனும் ஆயாவின் தொட்டிலில் கிடந்தவன்தான். ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஆயா! வாங்க வாங்க! நம்ம ஆயாகிட்டக் காசு வாங்குவேனா? ரெண்டு நாள்ல செஞ்சு வைக்கிறேன்" என்றான்.

வெளியே வந்ததும் ஆயா சொன்னார்: "சின்னதுல இவன் மத்த புள்ளைங்க வாயில இருக்கற சூப்பியப் பிடுங்குவான். சும்மா பிடுங்க மாட்டான். தன் வாயில இருக்கற பழைய சூப்பிய அதுக வாயில வச்சுட்டுப் புதுச எடுத்துக்குவான். அதுக அழவும் அழாது. வாயில ஏதோ ஒண்ணு இருக்கே."

நாங்கள் சிரித்தோம். போன் திரும்பி வந்தது. சார்ஜ் ஏறியது, குவைத் பேசியது. ஆயாவும் அழவில்லை.

அடுத்த கிழமை நானும் அதே கடையில் ஒரு பழைய போன் வாங்கினேன். ஆயாவுடைய அதே மாடல். வெளியே முழுக்கக் கீறல், கீபேடில் நட்சத்திரப் பொத்தான் வேலை செய்யாது. "மேல்தான் பழசு அண்ணே. உள்ள புத்தம் புதுசு" என்றான். நட்சத்திரம் எனக்கு எதற்கு, ஜாதகத்திலேயே அது சரியில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் பொலிஸ் ஜீப் தோட்டத்துக்கு வந்தது. நேரே புள்ளக்காம்பராவுக்கு வந்தது. பதுளையில் பெரிய உத்தியோகத்தர் ஒருவரின் மனைவியுடைய போன் களவு போயிருந்ததாம். எல்லாப் போனுக்கும் பிறக்கும்போதே ஒரு பதினைந்து இலக்க நம்பர் உண்டு. சிம்மை மாற்றினாலும் அது மாறாது. களவு போன போனின் நம்பர், ஆயாவின் சிம்மோடு சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து வந்திருந்தார்கள். பிள்ளைகள் அலற, தாய்மார் மலையிலிருந்து இறங்கி ஓடிவர, ஆயாவை ஜீப்பில் ஏற்றினார்கள். விஷயம் கேள்விப்பட்டு நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். சிங்களம் தெரிந்தவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடினேன். எனக்குத் தெரிந்தது லொத்தர் விற்கிற சிங்களம்.

இன்ஸ்பெக்டர் ஆயாவின் போனை வாங்கி நட்சத்திரம், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் என்று அமுக்கினார். திரையில் ஒரு நம்பர் வந்தது. அது களவு போன போனுடைய நம்பர். அப்புறம் பெட்டரியைக் கழற்றினார். அதற்குக் கீழே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் வேறொரு நம்பர். ஆயா கையோடு கொண்டுவந்திருந்த குவைத் பெட்டியில் பார்த்தார். பெட்டியும் ஸ்டிக்கரும் ஒன்று. திரை மட்டும் வேறு.

"அப்பிடின்னா என்னடா?" என்று ஆயா என்னைக் கேட்டார்.

"வெளி உடம்பு ஒங்களுது ஆயா. உள்ள இருக்கற போர்டு வேற யாரோடதோ. யாரோ மாத்திட்டாங்க."

ஆயாவின் முகம் மாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜீப்பில் ஏறும்போதுகூட அப்படி மாறவில்லையாம்.

"சேல ஒண்ணு, உள்ள புள்ள வேறயா?" என்றார்.

ஆயா என்ன சொல்கிறார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அவர் ஆயாவைப் பரிதாபமாகப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டார். என் மொழிபெயர்ப்பின் லட்சணம் அப்படி. எப்படியோ அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். போனை வைத்துக்கொண்டார்கள். ரிப்பேர் செய்தவன்தான் மாற்றினான் என்பதற்குச் சாட்சி கொண்டுவந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் களவுப் பொருள் வைத்திருந்ததாக வழக்கு என்றார்கள்.

ஆயா நேரே கடைக்குப் போனார். நான் பின்னால் போனேன். கடைக்காரன் எழுந்து நின்றான், நாற்காலி போட்டான், சோடா வாங்கி வரட்டுமா என்றான். விஷயத்தைக் கேட்டதும் பெருமூச்சு விட்டான்.

"நீங்க கொண்டாந்தப்பவே அப்பிடித்தான் ஆயா இருந்துருக்கும். ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. வயசாயிருச்சு பாருங்க. எங்கயோ யாரு போனோடயோ மாத்தி எடுத்துட்டு வந்துருப்பீங்க."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருத்தன் சிரித்தான். மாத்தி எடுத்துட்டு வந்துருப்பீங்க! இதை ஆயாவிடம் சொன்னான். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். ஆயா வெற்றிலையைக் கன்னம் மாற்றினார்.

"சரி சாமி" என்றார்.

பாவி, அவன் அதை நிஜமாகவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

தோட்டத்தில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தி பிள்ளையின் அரைஞாணில் இருந்த வெள்ளிக் காசைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். ஆயா வெறும் இடுப்பைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிள்ளையை வாங்கிக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். அதற்கடுத்த நாள் புள்ளக்காம்பராவுக்கு மேலதிகாரியான வெல்ஃபெயார் ஐயா வந்து சொன்னார்: மாதக் கடைசிக்குள் பொலிஸிலிருந்து ஆயாமேல் குற்றமில்லை என்று ஒரு வார்த்தை வர வேண்டும். வராவிட்டால் புள்ளக்காம்பராவுக்கு வேறு ஆள் போடுவார்கள்.

ஆக, ஆயாவுடைய போர்டு எந்தப் போனுக்குள் இருக்கிறது, அதை விற்றவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஊவா மாகாணம் முழுக்க எத்தனை போன் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் தலை சுற்றியது. ஆயாவுக்குச் சுற்றவில்லை.

முதலில் பெட்டியில் இருந்த நம்பரை மனப்பாடம் செய்தார். மறந்துவிடுமோ என்று பயந்து அதைத் தாலாட்டாக்கினார்.

"மூணே அஞ்சே ஆராரோ, முத்தே எட்டே ஆரிரரோ, சேல மாறிப் போன கண்ணே, சைபர் ரெண்டே ஆராரோ..."

இப்படிப் போகும். முழுசையும் எழுத மாட்டேன். அந்த நம்பர் இன்னும் எங்கேயாவது உயிரோடு இருக்கலாம். ராகம் அவ்வளவு சுகமாக இருந்தது. தொட்டில் ஒரு தரம் போய் ஒரு தரம் வருவதற்குள் சரியாக ஒரு வரி. பிள்ளைகள் சொக்கித் தூங்கின. பால் கொடுக்க வந்த தாய்மார் கேட்டுக்கொண்டு போய் மலையில் முனகினார்கள். பக்கத்து மலையில் கேட்டவர்கள் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் 'அம்மா'வுக்கு அடுத்ததாக 'மூணே அஞ்சே' சொல்லப் பழகின. என் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்து அதிர்ஷ்ட இலக்கம் வாசிக்கப்போய் ஆராரோ பாடிவிட்டேன். மட்டக்களப்பு பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயா என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு லுணுகலை பஸ் தரிப்பிடத்தில் நிற்பார். அதே மாடல் போன் யார் கையில் இருந்தாலும், "கொண்டா இங்க" என்று வாங்கி அமுக்குவார். யாரும் மறுக்க முடியாது. பாதிப் பேர் அவர் தொட்டிலில் கிடந்தவர்கள். லொறிக்காரன் ஒருத்தன், மீசையும் தொப்பையுமாக மலை மாதிரி இருப்பான், "எதுக்கு ஆயா என் போனு?" என்று முறைத்தான்.

"நீ வயித்தால போயிக் கெடந்தப்ப எதுக்கு ஆயான்னு கேட்டியா?"

தரிப்பிடமே சிரித்தது. அவன் போனைக் கொடுத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். 

"ஒன்னுது?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

"என் போன்ல நட்சத்திரம் வேல செய்யாது ஆயா. அமுக்க முடியாது. அதோட இது அடி வாங்குன பழசு, பாருங்க" என்றேன்.

பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். விட்டுவிட்டார். ஆயா ஆயுசில் ஒரு பிள்ளையை முகத்தைப் பார்த்து மட்டும் விட்டது அந்த ஒரு தரந்தான்.

மாதம் முடியப்போகிறது. வெல்ஃபெயார் ஐயா புதுசாக ஒரு பெண்ணைக் கூட்டிவந்து புள்ளக்காம்பராவைச் சுற்றிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த நேரத்தில் என் போனில் இன்னும் இரண்டு பொத்தான்கள் செத்துப்போயின. பதுளையில் வேறொரு கடைக்குக் கொண்டுபோனேன். நல்ல மனுஷர், கண்ணாடி போட்டவர். கீபேடைக் கழுவித் துடைத்துப் பொருத்தினார். பொத்தானெல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க, பழக்கதோஷத்தில் நட்சத்திரம், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் என்று அமுக்கினார்.

"இது வேற நம்பரா இருக்கே. ஸ்டிக்கர்ல ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று சொல்லித் திரையைப் பார்த்து வாசித்தார். "மூணு... அஞ்சு... எட்டு..."

"சைபர் ரெண்டே ஆராரோ" என்றேன் நான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தவில்லை, நிறுத்த முடியவில்லை. அவர் விரல் திரையில் ஒவ்வொரு இலக்கமாக நகர நகர, நான் ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டே வந்தேன். கடைசி ஆரிரரோவில் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தம்பி, நீங்க யாரு?" என்றார்.

நான் யாரென்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் தொட்டில். இவ்வளவு நாளும் ஆயாவுக்குப் பக்கத்திலேயே நின்று, அவருடைய பிள்ளையைச் சட்டைப் பையில் வைத்து ஆட்டிக்கொண்டு, ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். 'உள்ள புத்தம் புதுசு' என்று கடைக்காரன் சொன்னானே, அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

தோட்டத்துக்கு ஓடினேன். ஆயா வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார். அமுக்கிக் காட்டினேன். இலக்கம் இலக்கமாக, உதடு அசைய, பாட்டாகவே வாசித்தார். முடிந்ததும் போனை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு ஒருதரம் ஒட்டிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு வெரலு. இன்னைக்கு இது" என்றார். "ஒன்னய நான் அப்புறம் பாத்துக்கறேன்."

மறுநாள் ஸ்டேஷனில் இரண்டு போனும் மேசையில் திறந்து கிடந்தன. என் உடம்புக்குள் ஆயாவின் போர்டு, ஆயாவின் உடம்புக்குள் களவுப் போர்டு. எனக்கு அந்தப் போனை விற்றவனும் ஆயாவின் போனைக் கழற்றியவனும் ஒரே ஆள். கடைக்காரனைக் கூட்டிவந்தார்கள். மேசையைப் பார்த்ததும் அவன் வாயில் இருந்த தேனெல்லாம் வற்றிப்போனது. களவுப் போனை வைத்திருந்தால் ஆபத்து, ஆயா ஸ்டிக்கரைப் பார்க்கப்போகிறாரா, திரையைப் பார்க்கப்போகிறாரா என்று உள்ளே போட்டு மூடியிருக்கிறான். நல்லதை எனக்கு விற்றிருக்கிறான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, ஆயாவின் காலில் விழுந்தான்.

"மன்னிச்சிருங்க ஆயா. நீங்க வளத்த புள்ள."

"அதாண்டா" என்றார் ஆயா.

ஆயாவும் தனியாக ஒரு முறைப்பாடு கொடுக்கிறாரா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் இந்த முறை ஜாக்கிரதையாக மொழிபெயர்த்தேன்.

"நீங்க குடுக்கறத நீங்க குடுங்க ஐயா" என்றார் ஆயா. "என் பங்கு தனி."

அவன் கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு, தண்டம் கட்டிவிட்டு வந்தான். ஆயாவின் வேலை ஆயாவுக்கே நின்றது. வெல்ஃபெயார் ஐயா வாய் நிறையப் பேசி வாழ்த்தினார். வெள்ளிக் காசைக் கழற்றியவள் மறுபடி மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் பிள்ளையை மட்டும் ஆயா ஒரு வருஷத்துக்கு எல்லோருக்கும் கடைசியாகத்தான் கையில் கொடுத்தார். அவள் மழையில் நின்று வாங்கிக்கொண்டு போவாள். எனக்கு உரியது இது: எந்தக் கல்யாண வீட்டில் கண்டாலும் ஆயா என்னை நாலு பேருக்கு நடுவில் நிறுத்தி, "இவந்தான் தொட்டிலு" என்று அறிமுகம் செய்வார். என் மாமனார்கூட இன்றைக்கும் என்னை அப்படித்தான் விசாரிக்கிறார்.

தாலாட்டு மட்டும் நிற்கவில்லை. கடைக்காரன் லுணுகலை பஸ்ஸில் ஏறினால் ஏதாவது ஒரு மடியிலிருந்து 'மூணே அஞ்சே' கேட்கும். அம்மாவைப் பார்க்க லயத்துக்கு வந்தால், குழாயடியில் நிற்கிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாக, யாரையும் திட்டாமல், தாலாட்டுப் பாடும். தாலாட்டுப் பாடினதற்காக யாரோடு சண்டைக்குப் போக முடியும்? கடையை மூடினான். பதுளையை விட்டே போய், வெலிமடையில் விதை கிழங்கும் உரமும் விற்கிற கடை ஒன்று போட்டான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது. போனையே தொடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, எல்லோரும் ஆச்சரியப்படுகிற மாதிரி, ஆயாவே அவனுக்குப் பெண் பார்த்தார். ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து தன் சொந்தத்தில் ஒரு பிள்ளை. கொஞ்ச காலமாகப் புள்ளக்காம்பராவில் ஆயாவுக்கு உதவியாக வந்து நின்றவள். அழகான, அமைதியான பெண். "பாவம், அம்மாக்காரி அழறா. ஒரு கல்யாணம் காச்சி நடக்கட்டும்" என்றார் ஆயா. பழைய கதையை அந்தப் பெண்ணிடம் யாரும் மூச்சு விடக்கூடாது என்று தோட்டம் முழுக்க உத்தரவு போட்டார். பெரிய மனசு, மன்னித்துவிட்டார் என்று ஊரே பேசியது. கல்யாணத்துக்குப் போய், தன் நல்ல சேலை ஒன்றை மடித்துப் பெண்ணின் கையில் கொடுத்து, "தொட்டிலுக்கு வச்சுக்கம்மா" என்றார். மாப்பிள்ளை கண்ணீர் விட்டுக் காலில் விழுந்தான்.

"சரி சாமி, சரி சாமி" என்று அவன் தலையைத் தடவினார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதிலும் விழுந்தது. ஆனால் வாயில் லட்டு இருந்தது.

அடுத்த வருஷம் ஆயா போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே போனார். யாரிடமும் ஒன்றும் பாக்கி வைக்காத முகம்.

அதற்குப் பிறகு ஒருநாள் நான் லொத்தர் பையோடு வெலிமடைச் சந்தைக்குப் போயிருந்தேன். அவன் கண்டுவிட்டான். "அண்ணே, வாங்கண்ணே, ஒரு பிளேன்டீ குடிச்சுட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுத்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஆள் இளைத்திருந்தான். ஆனால் கடை நன்றாக நடந்தது, மனைவி சிரித்த முகமாக வந்து தேநீர் வைத்துவிட்டுப் போனாள். குறை ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே பிள்ளை அழுதது. நடு அறையில் ஆயாவின் சேலை தொட்டிலாகத் தொங்கியது. அவள் அதை ஆட்டத் தொடங்கினாள். தொட்டில் ஒரு தரம் போய் ஒரு தரம் வந்தது.

"மூணே அஞ்சே ஆராரோ, முத்தே எட்டே ஆரிரரோ..."

என் கையில் இருந்த தேநீர் சட்டையில் கொட்டியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆயா சொல்லிக் குடுத்ததாம்" என்று மெதுவாகச் சொன்னான். "வேற தாலாட்டே அவளுக்குத் தெரியாது அண்ணே."

"வேற பாடச் சொல்றதுதானே?"

"சொன்னேன். ரேடியோவக் கேட்டு வேற பாட்டுப் பழகிப் பாடிப் பாத்தா. புள்ள தூங்க மாட்டேங்குது. இதுக்கு மட்டுந்தான் தூங்குது."

"ஏன் வேணாம்னு அவகிட்ட சொல்லலியா?"

"சொன்னா, என்ன செஞ்சீங்கன்னு கேப்பாளே."

நான் சட்டையில் கொட்டிய தேநீரைத் துடைத்தேன். உள்ளே அழுகை அடங்கிக்கொண்டு வந்தது.

"நேத்து அவ கெணத்தடிக்குப் போயிட்டா" என்றான். "புள்ள எந்திரிச்சு ஒரே கத்து. மூச்சு முட்டி மொகமெல்லாம் செவந்து போச்சு. தூக்கிப் பாத்தேன், தோள்ல போட்டுப் பாத்தேன். ஒண்ணுக்கும் கேக்கல. கடைசியில..."

"கடைசியில?"

"நானே பாடிட்டேன்."

"முழுசாவா?"

அவன் நிமிர்ந்து தொட்டிலைப் பார்த்தான்.

"பதினஞ்சும். ஒண்ணுகூட மாறல அண்ணே."